அப்பாவின் பசிக்குக் கட்டிய சாப்பாடு

அப்பாவின் பசி சனிக்கிழமை காலையில் ஓசூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தூத்துக்குடியிலிருந்து உப்பு லாரியில் ஏறி வந்திருக்கிறது. தலையெல்லாம் வெள்ளை. ஏழு வயதுப் பிள்ளை உயரம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய், மூடியிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது. அதிலேயே யாருடைய பசி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அரை மணி நேரத்தில் பிரம்மசக்தி மதினி போன் செய்தார். என் அண்ணன் மனைவி. அப்பா அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

"உலகு, மாமா ஒம்பது நாளா ஒரு வாய் சாப்பிடல. இடுப்புல வேட்டி நிக்க மாட்டேங்கு. டாக்டரு, மொதல்ல பசியக் கொண்டாங்க, அப்புறம்தான் மருந்துங்காரு."

"இங்கதான் நிக்கி மதினி. இப்பதான் வந்துச்சு."

"நல்லதாப் போச்சு. கொண்டாந்து விட்ரு."

அப்பா, சிவனணைஞ்ச பெருமாள், முப்பத்தொரு வருஷம் தூத்துக்குடிக்கும் பெங்களூருக்கும் உப்பு லோடு அடித்தவர். கண்ணில் புரை எடுத்தபிறகு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றுவிட்டார்கள். ஒரு மணி அடித்தால் தட்டு, எட்டு மணி அடித்தால் தட்டு. ரோட்டில் வளர்ந்த பசிக்கு இப்படிக் கடிகாரம் பார்த்து உட்காருவது ஒத்துவரவில்லை, கிளம்பிவிட்டது. நான் அதைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பசியைக் காரில் கூட்டிப்போவதில் ஒரு சங்கடம் உண்டு. வயிறாரத் தின்றால் கரைந்துபோகும். பட்டினி போட்டால் வளர்ந்து கதவைப் பெயர்க்கும். ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டரும் அரை வயிறாகவே வைத்திருக்க வேண்டும். கரைந்துபோனால் வேறு வாங்க முடியாது, ஒரு ஆளுக்கு ஒரு பசிதான். அப்பா அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்து போய்விடுவார்.

அதனால் யோசித்துக் கட்டினேன். புளியோதரை கிடையாது, பூரி கிடையாது, பொரித்தது எதுவும் கிடையாது. கேழ்வரகு மாவில் ரூபாய்க் காசு அளவுக்குக் குட்டி இட்லி ஊற்றி, பொடியும் நல்லெண்ணெயும் தடவி வைத்தேன். சட்னி கேட்காது. தட்டாம்பயறு சுண்டலில் மாங்காய் போட்டேன். தேங்காய் போட்டால் வெயிலில் ஊசிப்போகும். தோலோடு அவித்த நிலக்கடலை, ஏனென்றால் உரித்துத் தின்ன நேரமாகும். வெள்ளரிக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொண்டேன். இரண்டு கொய்யா, பெருங்காயம் போட்ட நீர்மோர். பசி பக்கத்தில் நின்று, நான் ஒவ்வொரு டப்பாவை மூடும்போதும் பெருமூச்சு விட்டது.

"மூச்சு விட்டுப் பிரயோஜனமில்ல. எங்கப்பாவுக்கு நீ முழுசா வேணும்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். நான் ஓட்டினேன். என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் பின் சீட்டில் பசியோடு உட்கார்ந்தார். கிருஷ்ணகிரியில் இரண்டு இட்லி. சேலத்தில் ஒரு கை சுண்டல். பசிக்கு அந்த ரோட்டில் ஒவ்வொரு கடையும் தெரியும். பரோட்டாக் கல் தெரிகிற இடத்தில் எல்லாம் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தும். வெள்ளரிக்காயைக் கையில் கொடுத்து உட்கார வைப்போம். நாமக்கல் வரை ஒரு குறையுமில்லை.

கரூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நான் பாத்ரூம் போய்விட்டு வந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. பின் சீட்டில் வாழை இலைத் துண்டு கிடந்தது, சால்னா வாசம் அடித்தது. என் வீட்டுக்காரர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எலுமிச்சம்பழம் அளவுக்கு அப்பாவின் பசி அதில் இருந்தது. ஏப்பம் விட்டது.

"ரெண்டே ரெண்டு பரோட்டாதான் உலகு. கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுக் கேக்கு. பசின்னு வந்து நிக்கறத எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"நீங்க ரொம்ப நல்லவரு. அந்த நல்ல குணத்தக் கொண்டுபோயி அந்தா இருக்கு பாருங்க, அந்தக் குப்பைத் தொட்டியில போடுங்க."

பாவம், அவர் வீட்டில் யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. ஆனால் இது சம்பந்தி வீட்டு விருந்தா?

பசியை டாஷ்போர்டில் ஒரு கர்ச்சீப்பின்மேல் வைத்தேன். ஓமத்தண்ணி கொடுக்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இனி ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்றேன். சுண்டல் டப்பாவைத் திறந்து அதன் மூக்குக்கு நேரே வைத்துவிட்டு, திண்டுக்கல்லிலிருந்து பேச ஆரம்பித்தேன்.

"ஒரு லீவுல நானும் லாரியில வந்தேன், ஞாபகமிருக்கா? தொப்பூர் மலை ஏறிட்டு, புளியமரத்துக்குக் கீழ வண்டிய நிப்பாட்டுனீக. ஸ்டவ்வ டயருக்குப் பக்கத்துல வச்சு காத்து படாம பத்த வச்சீக. மொதல்ல சின்ன வெங்காயம், முழுசு முழுசா. அப்புறம் கத்தரிக்கா, நெத்திலிக் கருவாடு. புளியக் கரைச்சு ஊத்தி, அது கொதிக்கும்போது தார்ப்பாயத் தூக்கி, லோடுல இருந்தே ஒரு பிடி உப்பு."

எலுமிச்சம்பழம் லேசாக அசைந்தது. மதுரையில் சாத்துக்குடி அளவுக்கு வந்தது. மேற்கொண்டு எனக்குத் தெரிந்த குழம்பெல்லாம் சொன்னேன். தெரியாததையும் சொன்னேன். அருப்புக்கோட்டையில் தேங்காய் அளவு. பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, என் வீட்டுக்காரர் தொடர்ந்து அவர் அம்மாவின் சொதியைச் சொன்னார், தேங்காய்ப்பால் பிழிகிற இடத்தில் அவருக்கே நாக்கு ஊறியது. எட்டயபுரத்தில் பசி எழுந்து உட்கார்ந்து கையை நீட்டியது. ஒரே ஒரு கடலை கொடுத்தேன். பசியைக் கிளப்ப ஒரு கடலை போதும், அடக்கத்தான் காணாது. உரித்து வாயில் போட்டதும் மளமளவென்று வளர்ந்து, இறங்கிப் பின் சீட்டுக்குப் போய்விட்டது. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

நாலு மணிக்கு வீடு சேர்ந்தோம். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தோள் எலும்பு பனியனுக்கு மேலே தெரிந்தது. பசி செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, அவர் முதுகோடு ஒட்டிப் படுத்தது. கொஞ்ச நேரத்தில் கட்டிலில் அப்பா மட்டும்தான் இருந்தார்.

"ஏளா," என்றார் திரும்பாமலே. "என்னமோ வாசம் வருதே."

மிச்சமிருந்த பன்னிரண்டு குட்டி இட்லியையும் தின்றார். சுண்டல் டப்பாவை விரலால் வழித்தார். உப்பு பத்தவில்லை என்றார். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பொத்தாமலே அழுதேன்.

"நீ சாப்ட்டியாளா?"

"இல்லப்பா. பசிக்கல."

காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதினி தட்டு எடுக்கப் போனார். அதற்குள் ஓசூரிலிருந்து கீழ்வீட்டு மல்லம்மா போன் செய்தார்.

"ஏம்மா, உன் பசியை விட்டுட்டுப் போயிட்டியே. விடிஞ்சதுலருந்து மாடிப்படியில உக்காந்திருக்கு. கூப்பிட்டா வரமாட்டேங்குது."

அப்பாவின் பசியை ஏற்றுகிற அவசரத்தில் என்னுடையதை ஏற்ற மறந்திருக்கிறேன். அங்கேயே இருக்கட்டும், நான் புதன்கிழமை வந்துவிடுவேன் என்று சொன்னேன்.

அப்பா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "புதன்கிழம வரைக்கும் அது படியிலயா உக்காந்திருக்கும்? நாளைக்கு விடியக்காலம் லோடு போகுது. நான் போயிக் கூட்டியாறேன்."

"உங்கள ஸ்டியரிங்கத் தொடப்பிடாதுன்னு சொல்லியிருக்குல்லா மாமா," என்றார் மதினி.

"கிளீனர் சீட்டுல உக்காரப்பிடாதுன்னு சொல்லலயே."

ஒரு மஞ்சப்பையை எடுத்து உதறினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஒம் பசிக்கு என்னளா புடிக்கும்?"

இதை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. நான் சாப்பிடுகிற நேரத்தில் எல்லாம் அவர் ரோட்டில் இருந்தார்.

"பனங்கிழங்குப்பா. மஞ்சள் போட்டு அவிச்சது."

"நாரு உரிச்சா, உரிக்காமலா?"

"உரிச்சு."

தலையை ஆட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனார். பானையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. திரும்ப வந்து வாசல்படியில் நின்றார்.

"லாரில அதுக்கு ஜன்னலோரம் வேணுமா, நடுவுல உக்காருமா?"

"ஜன்னலோரம்," என்றேன்.