சாகாமல் போன சாயக்காரர்

என் வீட்டுக்காரர் அந்தக் காய்ச்சலில் செத்திருந்தால் சபைக்கு வசதியாக இருந்திருக்கும். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கோபக்காரி என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவள் நான்; அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நூலுக்கும் துணிக்கும் சாயம் போடுகிறவர்கள். நீலத் தொட்டியில் கை விட்டு விட்டு எங்கள் இருவருக்கும் முழங்கை வரை நீலம் ஏறிவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வாரத்தின் முதல் நாள், விடிவதற்கு முன், எண்ணெய்க்காரர் வீட்டு மாடியில் சபை கூடும். எங்களுக்குக் கோயிலும் கிடையாது, மணியும் கிடையாது. வாசிப்பு, ஜெபம், அப்புறம் சபையை நடத்தும் மூப்பர் நன்றி சொல்லி அப்பத்தைப் பிட்டு ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைப்பார். வீட்டுக்கும் சில துண்டுகள் தருவார். அவற்றைச் சின்ன மரப்பெட்டியில் வைத்திருந்து, தினமும் காலையில் வேறு எதுவும் வாயில் படுவதற்கு முன் ஒரு துண்டு சாப்பிடுவது வழக்கம்.

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. ஒவ்வொரு குடும்பமும் சந்தைத் திடலில் அரசனின் சிலைக்கு முன்னால் தூபம் போட வேண்டும். எங்களுக்கு அது கடவுளைக் கைவிடுவது; மறுத்தால் சிறை. குடும்பத் தலைவன் போட்டால் வீட்டில் எல்லோரும் போட்ட மாதிரிதான். "நீ வீட்டுலயே இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் மட்டும் போனார். ஒரு சிட்டிகை போட்டார். திரும்பி வந்து தொட்டியைக் கலக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் போனது எனக்காக. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கெடுபிடி அடங்கியதும் சபை மறுபடி கூடியது. தூபம் போட்டவர்கள் வாசிப்பு முடியும்வரை உள்ளே இருக்கலாம். அப்பம் பிடும் நேரத்தில் வெளியே போய் மாடிப்படியில் நிற்க வேண்டும். சாகும் தறுவாயில்தான் அவர்களுக்கு அப்பம் என்று தீர்மானமாயிற்று. "மன்னிப்புக்குக் காத்திருக்கிறவங்க வெளியே போகலாம்" என்று குரல் கொடுத்துவிட்டுக் கதவைத் தாழிடுவது வாசல்காரரின் வேலை. அவரும் அவர் தம்பியும் தூபம் போட மறுத்துச் சிறைக்குப் போனவர்கள். தம்பி உள்ளேயே செத்துப்போனான். இவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவர் தாழ்ப்பாள் போடும்போது யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

படியில் நின்ற மற்றவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வெயிலோ மழையோ விடாமல் வந்து நின்றார். வீட்டில், காலையில் நான் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவருக்குச் சரியாகத் தொட்டி ஞாபகம் வந்துவிடும். எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார்.

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். மூப்பர் வந்து தலைமேல் கைவைத்து ஜெபித்து, அப்பத்தைத் தண்ணீரில் நனைத்து வாயில் வைத்தார். சாயம் ஏறாத வெள்ளைத் துணி ஒன்றை நான் எடுத்து வைத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் மனிதர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"பசிக்குது. ஏதாவது இருக்கா?"

நான் அழுதேன், சிரித்தேன், அந்தத் துணியை அவர் கண்ணில் படாமல் மறைத்தேன்.

அவர் நடமாட ஆரம்பித்ததும் பிரச்சினையும் எழுந்து நடமாடத் தொடங்கியது. அப்பம் வாங்கிவிட்டவர் உள்ளே இருக்க வேண்டியவரா, வெளியே நிற்க வேண்டியவரா? தீர்மானம் போட்டபோது இதை யாரும் யோசிக்கவில்லை. எல்லோரும் ஒழுங்காகச் செத்துவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறார்கள்.

சபை கூடிப் பேசியது. மூப்பர் மென்று விழுங்கினார். "சாகப் போறார்னு நினைச்சுக் குடுத்தது, தங்கச்சி."

"செத்தா உள்ளே, பிழைச்சா வெளியேவா? அப்போ நான் மருந்து ஊட்டினதுதான் தப்பாப் போச்சு, இல்லையா?"

யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். வாசல்காரர் சிரிக்கவில்லை.

"என் தம்பிக்கு மட்டும் உயிர் மேல ஆசை இல்லையா, தங்கச்சி? சாகும்போது அவனுக்கு யாரும் அப்பம் கொண்டுவந்து குடுக்கல."

மூப்பர் என் வீட்டுக்காரரை மறுபடி மாடிப்படிக்கே அனுப்பினார்.

அடுத்த வாரம் நான் பெட்டியை நீட்டியபோது மூப்பர் துண்டுகளை வைத்துக்கொண்டே போனார். மூடி மூடவில்லை. "வாரம் முழுக்க வேணும்ல" என்று முணுமுணுத்தார். பார்வை தரையில் இருந்தது. மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"யாருக்கு இவ்வளவு?" என்றார் அவர்.

"உங்களுக்கும் சேர்த்துத்தான். மூப்பரே வெச்சார். சாப்பிடுங்க, யாருக்கும் தெரியாது."

"அதனாலதான் வேண்டாம்ங்கிறேன்." பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். "தூபத்தை நட்ட நடுத் திடல்ல, எல்லாரும் பார்க்கப் போட்டேன். இதை மட்டும் கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிடவா? வாசல்காரர் பார்க்க வாங்கணும். இல்லேன்னா படியிலேயே நின்னுக்கிறேன்."

பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அன்று முழுக்கத் திட்டினேன். வாரம் முழுவதும் என் பங்கை மட்டும் சாப்பிட்டேன்.

மறு வாரம் வரிசையில் கடைசியாக, கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். மூப்பர் வந்ததும் பெட்டியைத் திறந்தேன். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. வாசல்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, சாப்பிடலையா?"

மூப்பர் முகத்தில் ஈயாடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அது வராது.

"என் பங்கைச் சாப்பிட்டேன், அண்ணே. இது அவருக்குன்னு மூப்பர் குடுத்தது. ஒளிச்சு வெச்சுச் சாப்பிட மாட்டாராம். நீங்க பார்க்கத்தான் வாங்குவாராம்."

"நான் பார்க்கவா?"

"நீங்க பார்க்க."

"நான் ஒத்துக்கலேன்னா?"

"படியிலேயே நிப்பாராம்."

வாசல்காரர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலை இழுத்துக்கொண்டு கதவுக்குப் போனார். என்னையும் வெளியே அனுப்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பயமாக இருந்தது. அவர் தாழ்ப்பாளை நீக்கினார். அப்பம் பிடும் நேரத்தில் அந்தக் கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"உள்ளே வாங்க," என்றார் வாசல்காரர். "கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? குளிருது."

என் வீட்டுக்காரர் ஈரத் தலையோடு வந்து நின்று, இடது உள்ளங்கைமேல் வலது உள்ளங்கையை வைத்து நீட்டினார். முழங்கை வரை நீலம். மூப்பர் அன்றைய அப்பத்தை எடுக்கப் போனார். வாசல்காரர் தடுத்தார்.

"இதைக் குடுங்க. அவருக்குன்னு வெச்சதுதானே."

என் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவரே மூப்பரிடம் தந்தார். ஒரு வாரத்து அப்பம், கல்லாகக் காய்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் அதை மென்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வாசல்காரர் உட்பட எல்லோரும் காத்திருந்தோம்.