வாலை மிதித்தவள்

1

இந்த மீனை நான் தாண்டப் போவதில்லை. மேளம் அடிக்கட்டும், குலவை போடட்டும், தாண்டப் போவதில்லை.

இந்த வாக்கியம் என்னுடையதல்ல. என் மாடிவீட்டுக்காரி தலெந்தா, தன் இரண்டாம் கல்யாணத்துக்கு மறுநாள் காலை, ஒரு களவா மீனின் முன்னால் நின்றுகொண்டு மனதுக்குள் சொல்லிக்கொண்டது. பிற்பாடு என் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அதை எனக்குச் சொன்னாள். கதை அங்கேதான் பிறந்தது.

"எழுதணும்னா எழுதிக்க. ஆனா கதையில என்னைத் தாண்ட வெச்சிராத" என்றாள்.

சரி என்றேன். எழுதுகிறவள் சொல்லும் 'சரி' எவ்வளவு தாங்கும் என்று அப்போது எனக்கே தெரியாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

*ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் பொழுது புலர்ந்தது. தீவுக்குப் புறப்படும் கப்பலின் ஊதல் நீலக் கடலின் மேல்*

விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் தலெந்தா மீன்சந்தையில் ஐஸ்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். ஊதலாவது, நீலமாவது.

அடுத்தது:

*தலெந்தாவை இருபத்திரண்டு வயதில்*

இதையும் அடித்தேன். 'தலெந்தாவை' என்று ஆரம்பித்தால் யாரோ அவளுக்கு எதையோ செய்யும் கதையாகிவிடுகிறது. ஆனாலும் அந்த வயதில் நடந்ததைச் சொல்லாமல் நகர முடியாது. எங்கள் ஊரான ஸ்ஃபாக்ஸில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளையும் பெண்ணும் பெரிய மீன் ஒன்றை ஏழு தடவை தாண்டுவார்கள். வாலில் கால் படாமல் தாண்டினால் கண்ணேறு கழியும், மடி நிறையும். முதல் கல்யாணத்தில் தலெந்தாவும் தாண்டினாள். ஏழாவது தாண்டலில் அவள் குதிகால் மீனின் வாலில் பட்டது என்றார்கள்.

பிள்ளை பிறக்கவில்லை. அந்தக் கணவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு குதிகால் இருக்கும்போது வேறு காரணம் எதற்கு? அவன் விலக்கிவிட்டுப் போனான். அவள் சந்தையில் கடை போட்டாள். கடைக்குப் பலகை இல்லை, பெயர் மட்டும் தானாக வந்தது: 'வாலை மிதிச்சவ கடை'. வழி கேட்டால் சின்னப் பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும்.

(வால் உண்மையிலேயே பட்டதா? கேட்டேன். "அந்த மீனு செத்து இருபத்தஞ்சு வருஷமாச்சு. அதுகிட்டப் போய்க் கேளு" என்றாள்.)

3

எஸ்ஸியாவைப் பற்றிய பகுதியைத்தான் அதிகம் அடித்தெழுதினேன். இரண்டாம் கல்யாணத்து மாப்பிள்ளை மோங்கியின் அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்தவள். அவளைக் கொடுமைக்காரியாக எழுதினால் கதை வழுக்கிக்கொண்டு ஓடும். நான்கு பக்கம் ஓடியது. பிறகு அவள் கல்யாணத்துக்கு மறுநாள் விடிகாலையில் எழுந்து, தம்பி பெண்டாட்டிக்கென்று சந்தையிலேயே பெரிய களவாவைத் தேடி எடுத்து, செவுளில் சிவப்பு ரிப்பன் கட்டியது நினைவுக்கு வந்தது. நான்கு பக்கமும் குப்பைக்குப் போயின.

தலெந்தாவைத் தாண்டச் சொல்லி அவள் கேட்டது அன்பினால்தான். அதுதான் சிக்கல்.

4

மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் தாம்பாளம். தாம்பாளத்தில் களவா, வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பெண்கள். நானும் இருந்தேன்.

மோங்கி முதலில் தாண்ட வேண்டும். தீவுக் கப்பலில் கயிறு கட்டுகிறவர் அவர். கப்பல் கரையை ஒட்டுவதற்கு முன்பே கயிற்றோடு துறைமேடைக்குத் தாவுவது அவர் அன்றாட வேலை.

"பாத்து மாப்ளே, தொப்பை முன்னாடி போயிரும்!" என்றாள் ஒருத்தி.

"தொப்பை போனா ஆளும் பின்னாலயே போவாரு!"

மோங்கி தாண்டினார். ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு குலவை. ஏழாவது தடவை கால் பாவியபோது சதக்கென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தோம். வால் அவருடைய முழுப் பாதத்துக்கு அடியில் கிடந்தது.

மேளம் நின்றது.

"அட, வாலை மிதிச்சிட்டேனே!" என்றார் மோங்கி. காலை எடுக்கவில்லை. "இனி நானும் வாலை மிதிச்சவன்தான். என்னக்கா செய்வீங்க?"

எஸ்ஸியா அவரை முறைத்தாள். சிரிப்பு எங்கிருந்து புறப்பட்டதென்று தெரியவில்லை. முற்றமே கைகொட்டிச் சிரித்தது. "புருஷனும் பொண்டாட்டியும் நல்ல பொருத்தம்டி!" என்று யாரோ கத்த, அன்று எழுந்த குலவையில் கொடியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன.

(தினமும் கப்பலிலிருந்து கரைக்குத் தாவுகிற ஆள், அசையாத தாம்பாளத்தைத் தாண்டத் தெரியாமல் மிதித்தாரா? நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. கேட்டால் அவர் செருப்பைக் குறை சொல்வார். முடிவை உங்களிடம் விடுகிறேன்.)

பிறகு எல்லாக் கண்களும் தலெந்தாவின் பக்கம் திரும்பின. எஸ்ஸியா அவள் காதோரம் வந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அவன் கெடக்கான் கிறுக்கன். நீ வால் படாமத் தாண்டிரு, தாயி. எல்லாரும் பாக்கட்டும். அந்தப் பேரு இன்னையோட அழிஞ்சிரும்."

5

என் குற்றம் இங்கே. கொடுத்த வாக்கை மறந்து ஒரு முடிவு எழுதினேன். அதில் தலெந்தா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டுகிறாள். கால் காற்றில், ரிப்பன் படபடக்க, வால் தீண்டாமல், ஏழு தடவை. ஊர் வாயடைத்து நிற்கிறது. எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. (என் எழுத்துக்கு நானே கலங்கினால் சந்தேகப்பட வேண்டும்.)

அதைத் தலெந்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். பார்லி ரொட்டியைப் பிய்த்து மீன் குழம்பில் தோய்த்தபடி கடைசிவரை கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றாள். "யாரு அவ?"

"நீதான்."

"நான் இல்ல. நான் சரியாத் தாண்டிட்டேன்னா, அன்னைக்குத் தப்பாத் தாண்டினேன்னு ஆயிருமே. அப்புறம் என்னை விலக்கிட்டுப் போனவன் சொன்னது நிஜமாயிரும், ஊரு சொன்னது நிஜமாயிரும். என் குதிகால்ல ஒண்ணும் இல்லடி, எழுத்துக்காரி."

"பேரு போயிருக்குமே?"

"எதுக்குப் போகணும்? இருபது வருஷமா எனக்குச் சோறு போடுற பேரு அது." சிரித்தாள். "நேத்து ஒரு பலகைக்குச் சொல்லியிருக்கேன். கொட்டை எழுத்துல."

பக்கத்தைக் கிழித்தேன். ஆனாலும் ஆசை விடவில்லை. ஒரே ஒரு தாண்டல், கதைக்காக, என்று கேட்டுப் பார்த்தேன். ரொட்டியை மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். ஆகவே, நடந்ததையே எழுதுகிறேன்.

6

மேளக்காரி கையை ஓங்கி வைத்துக் காத்திருக்கிறாள். மோங்கி வாலின் மேலிருந்து இன்னும் காலை எடுக்கவில்லை. எஸ்ஸியா மீனுக்கு அந்தப் பக்கம் போய், தம்பி மனைவியை நோக்கிக் கையை நீட்டுகிறாள்.

"வா, பிடிச்சுக்க. நான் இருக்கேன்ல?"

தலெந்தா தாம்பாளத்தைச் சுற்றி நடக்கிறாள். அவசரமில்லாமல், தன் வீட்டுக்குள் நடப்பதுபோல. அந்தப் பக்கம் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிறகு குனிந்து, செவுளிலிருந்த ரிப்பனை அவிழ்த்து எஸ்ஸியாவின் மணிக்கட்டில் கட்டுகிறாள்.

"வேணாம், மதினி" என்கிறாள், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "மீனு வெயில்ல கெடக்கு. சீரகம் எங்க வெச்சிருக்கீங்க?"