சின்னவளின் தபால்தலை

அக்காவுக்குத் தபால்தலை அச்சகத்தில் படம் வரையும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கையைக் கூப்பிட்டு, பந்தயத்தில் ஓடுகிற மாதிரி கூடத்தில் கொஞ்சம் நிற்கச் சொன்னாள். சும்மா கை பழகத்தான் என்றாள். சின்னவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். வருஷக்கணக்காக அந்த வீட்டில் யாரும் ஓட்டத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, காலை முன்னே வீசி, மார்பை நிமிர்த்தி, எல்லைக்கோட்டைத் தொடுகிறவளாக நின்றாள். கால் கடுக்கத் தொடங்கிய பிறகும், பரவாயில்லை, நிதானமாக வரை என்றாள். சமையலறை வாசலில் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

ஓட்டத்தை அவளாக விடவில்லை. ஒரு பெரிய பந்தயத்தில் முதலாவதாக வந்த கையோடு, உலக விளையாட்டுச் சங்கத்தின் மருத்துவர்கள் அவளை ஓர் அறைக்குள் அழைத்துப்போய் உடம்பை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார்கள். ரத்தத்தில் ஏதோ ஒன்று பெண்களுக்கு இருக்கவேண்டிய அளவைத் தாண்டி இருந்ததாம். சங்கம் கூட்டம் போட்டு, கை தூக்கி, இனி அவள் பெண்களோடு ஓடக்கூடாது என்று முடிவு செய்தது. காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடுவோம் என்றவர்கள் விஷயத்தைப் பத்திரிகை வரைக்கும் கசியவிட்டார்கள். தெருவில் தலைகாட்ட முடியாமல் அவள் சுருண்டு கிடந்த நாட்களில், பக்கத்தில் படுத்து முதுகைத் தடவிக்கொடுத்தவள் அக்காதான். அந்தச் சங்கத்தின் பெயரைக் கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது சின்னவள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில மாதங்கள் கழித்து, ஆசிரியர் அறையில் பத்திரிகையைப் புரட்டியவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். சங்கத்தின் உலகக் கூட்டம் அவர்கள் ஊரிலேயே நடக்கப்போகிறது. அதற்கென்று ஒரு சிறப்புத் தபால்தலை. அதில் எல்லைக்கோட்டைத் தொடும் ஒரு பெண். எத்தனை பயிற்சியாளர்கள் சொல்லியும் நிமிராத அவளுடைய இடது தோள் அப்படியே இறங்கியிருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சங்கத்தின் முத்திரை.

வீட்டுக்கு வந்ததும் பத்திரிகையை அக்காவின் முன்னால் வைத்தாள். அக்கா பூசி மெழுகவில்லை.

"கேட்டா நீ ஒத்துக்கமாட்டே. எனக்கு இது பெரிய வாய்ப்புடி. முகம் போடலையே, நீன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"அவங்களும் அன்னைக்கு என் முகத்தைப் பாக்கலைக்கா. உடம்பைத்தான் பாத்தாங்க."

அம்மாதான் இடையில் புகுந்தாள். பெரியவளுக்கு வாழ்க்கையில் ஒரு தடவை வந்த பேர், அதைக் கெடுக்காதே என்று கெஞ்சினாள். அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. அதன் பிறகு வாக்குவாதம் செய்ய அவளுக்குத் தெம்பில்லை.

வெளியீட்டு விழாவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் சங்கத் தலைவர் அக்காவின் கையைக் குலுக்கினார். அம்மா முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினாள். விழா முடிந்து தலைவர் வெளியே வரும்போது சின்னவள் அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"இந்தப் படத்துல இருக்கறது நான்தான்."

தடை உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அவர். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பார்க்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் இது நான்தான் என்று தோன்றவேண்டும், அதுதான் இந்தப் படத்தின் வெற்றி என்று மனம் குளிர்ந்து சொன்னார். உதவியாளரிடமிருந்து தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். சற்றுத் தள்ளி நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இவள் என் தங்கை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூங்கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

சின்னவள் உறையை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். அந்த மாதமே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அம்மா வந்தால் உட்காரச் சொல்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அக்கா இரண்டு தரம் வந்து கதவைத் தட்டினாள். சின்னவள் உள்ளேதான் இருந்தாள். எழுந்திருக்கவில்லை.