சூடாமணி எங்கே பயந்தாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை, பஞ்சாயத்து டிவி ரூமில் முகமூடி வீரன் இடிமாறனின் தொடர் ஓடும்போது வாய் திறக்கும் உரிமை அம்சவள்ளிக்கு மட்டும்தான். தமிழ் காமிக்ஸை வைத்து டெல்லிக்காரர்கள் எடுத்த தொடர், அத்தனையும் இந்தி. திருமானூர்ப் பக்கத்தில் எவனுக்கு இந்தி தெரியும்? அம்சவள்ளிக்கும் தெரியாது. ஆனால் கடலை மில்லில் வாங்கும் கூலியில் இடிமாறன் காமிக்ஸை ஒன்று விடாமல் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் படித்தவள் அவள். படம் ஓட ஓட அவள் கதை சொல்வாள். ஊரே வாயைப் பிளந்து கேட்கும்.

டிவி இடிமாறனுக்குத் தொப்பை. "மொகமூடிய வயித்துல கட்டியிருக்கலாம்" என்று அவள் சொன்னபோது ரூமே குலுங்கிச் சிரித்தது. தொப்பையை அவள் மன்னித்துவிட்டாள். சூடாமணி விஷயத்தில்தான் முடியவில்லை.

சூடாமணி பரிசல்காரன் மகள். பறக்கத் தெரியாது, முகமூடி கிடையாது. இருந்தும் புத்தகத்தில், வில்லன் அணைக்குள் கட்டிப்போட்ட இடிமாறனை மீட்கிறவள் அவள்தான். அம்சவள்ளி புத்தகம் வாங்கியதே அவளுக்காகத்தான்.

அன்றைக்கு அணைக் காட்சி வந்தது. டிவி சூடாமணி வில்லன் காலில் விழுந்து அழுதாள். அம்சவள்ளி படித்த புத்தகத்தில் இந்த அழுகையே கிடையாது. ஆனாலும் அவள் விடவில்லை.

"நடிக்கிறா. அவன் இடுப்புல சாவி இருக்கு பாருங்க, இப்ப உருவிருவா!"

கூட்டம் எட்டிப் பார்த்தது. சாவியை எவளும் உருவவில்லை. தொப்பை இடிமாறன் சுவரை உடைத்துக்கொண்டு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனான். அந்த வாரத் தொடர் முடிந்தது.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. பட்டாளத்தில் இந்தி கற்று லீவில் வந்திருந்த மாயவன்.

"ஏய்யா, இத்தினி வாரமா இந்தப் புள்ள உங்களுக்குக் கத வுட்டுக்கிட்டா இருக்கு? பயமா இருக்கு, காப்பாத்துங்கன்னு அவ அழுவுறாய்யா!"

எல்லா முகமும் அம்சவள்ளி பக்கம் திரும்பியது. டிவி ஆபரேட்டர் அரியமுத்து உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இனிமே மாயவன் சொல்லட்டும். நீ வாய மூடிக்கிட்டுப் பாக்குறதுன்னா பாரு."

மில்லில் பகலெல்லாம் அதட்டல் வாங்குகிறவள் அம்சவள்ளி. வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான் பத்துப் பேர் அவள் பேச்சைக் கேட்டார்கள். அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள். எழுந்து நின்றாள்.

"அண்ணே, எனக்கு இந்தி தெரியாது. நெசந்தான். ஆனா அவ அழுவல. படம் எடுத்தவன் அழ வச்சிருக்கான். ஆம்பளைய ஒரு பொம்பள காப்பாத்துனான்னு காட்ட அவனுக்கு வலிக்கிது."

"டிவில காட்டுறதத்தானம்மா சொல்லணும்?" என்றார் மாயவன்.

"காட்டுறத நீங்க சொல்லுங்க. நடந்தத நான் சொல்றேன்."

"புத்தகத்துல இருக்குறது மட்டும் நடந்துச்சாக்கும்" என்று சிரித்தார் அரியமுத்து. "கெளம்பு, ரூம பூட்டணும்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காத்தாயி அசையவே இல்லை. அவளும் மில்லில் கடலை உடைக்கிறவள்தான்.

"இரு அரியமுத்து. அந்தச் சாவிய அவ எடுத்தாளா இல்லியா? அத சொல்லு புள்ள மொதல்ல."

"எடுத்தா அத்தே. வாயால கவ்வி எடுத்தா. கையதான் கட்டிப்புட்டானுவளே. அந்தச் சாவியால வெலங்கத் தொறந்து, மதகயும் தொறந்து இடிமாறன இழுத்துக்கிட்டு வெள்ளத்துல குதிச்சா. அவனுக்கு நீச்சலே தெரியாது."

பெண்கள் பக்கம் ஒரே ஆரவாரம். டிவியில் செய்தி தொடங்கியிருந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரியமுத்து வாசலிலேயே நின்றார்.

அடுத்த ஞாயிறு மாயவன் நாற்காலி போட்டு டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடர் ஆரம்பித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இடிமாறன் என்ன சொல்றான்னா, பயப்படாத சூடாமணி, நான் இருக்கேன்ங்கிறான்."

அம்சவள்ளி வாயைத் திறப்பதற்குள் ரூமில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"அவ எங்கண்ணே பயந்தா?"