வருஷமே எட்டு

என் வீட்டுக்காரர் விக்டர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனால் ராகுகாலம் பார்க்காமல் வாசல் தாண்ட மாட்டார். எங்கள் பங்குக் கோயில் காலண்டரில் புனிதர்கள் பேர்தான் இருக்கும், ராகுகாலம் இருக்காது. அதனால் பல்லைத் தேய்த்ததும் பக்கத்து வீட்டு சசிகலாவின் தினசரி காலண்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். காரிமங்கலத்தில் எங்கள் தெருவே இதைச் சொல்லிச் சிரிக்கும்.

போன வருஷம் ஒரு பதினேழாம் தேதி, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அவர் ஓட்டிய தக்காளி லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார். யார் உயிருக்கும் ஒன்றுமில்லை, இவருக்குத்தான் கால் முறிந்தது. கால் கூடிவிட்டது, மனசு கூடவில்லை. லாரி முதலாளி மாதேஸ்வரன் அண்ணன் கூப்பிடும்போதெல்லாம் ஒரு சாக்கு. ஒரு நாள் கரிநாள், ஒரு நாள் சந்திராஷ்டமம். ஜனவரி பிறந்ததும் பெரிய சாக்காகவே ஒன்றைப் பிடித்தார்.

"பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. அதான் அடிபட்டுச்சு. இப்ப இருபத்தாறு. ரெண்டும் ஆறும் எட்டு. வருஷமே எட்டு, இசபெல்லா."

"அப்ப அடுத்த ஜனவரி வரைக்கும் வூட்லயே குந்திக்கினு இருக்கப் போறீங்களா?"

ஸ்டியரிங் பிடித்த கை டிவி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

சண்டை போட்டுப் பயனில்லை. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று நானும் காலண்டர் முன்னால் போய் நின்றேன். பிப்ரவரியில் ஒன்று மாட்டியது.

"ஏங்க, இங்க பாருங்க. பதிமூணு, ரெண்டு, இருபத்தாறு."

"பதிமூணா? அதுவும் வெள்ளிக்கிழமை..."

"அட, வாய்ப்பாடு சொல்லுங்க! பதிமூணு ரெண்டு எவ்ளோ?"

"இருபத்தாறு..." என்று முணுமுணுத்தவர் காலண்டரில் வருஷத்தைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அடிபட்ட பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. சோற்றில் கையை வைத்தபடி, "அடுத்த வருஷம் மார்ச்சு ஒம்போது! ஒம்போது மூணு இருபத்தேழு!" என்பார். "நம்ம கல்யாணத் தேதிதான் எதுலயும் சேரல" என்று என்னைச் சீண்டினார். பதிமூணாம் தேதி வண்டி எடுப்பதாக அண்ணனுக்கு அவரே போன் போட்டார்.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். "விக்டரு, சேலத்து வியாபாரி இன்னும் காலிப் பெட்டி அனுப்பலப்பா. லோடு சனிக்கிழமதான்."

பதினாலு எந்த வாய்ப்பாட்டிலும் அடங்காத தேதி. இனி மனுஷன் மறுபடியும் ரிமோட்டைத் தூக்கிவிடுவார் என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் அவர் சசிகலா வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் காலண்டர் முன்னாலேயே நின்று விரலை மடக்கினார்.

"பதினாலு ரெண்டு இருபத்தெட்டு. அதுல ரெண்டு பேரு லாரில ஏறிட்டா மிச்சம் எவ்ளோ?"

"இருபத்தாறு. எந்த ரெண்டு பேரு?"

"ஒண்ணு நானு. நீ வரலன்னா கணக்கு தப்பிப்போவும்."

சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்துவிட்டார். அங்கே அண்ணன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இத்தனை நாள் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று ஏசியவள் நான். சேலம் போகிற வழியில் அதே தொப்பூர் இறக்கம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செருப்புக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு ஓடினேன்.

"சசி, இன்னிக்கு ராகுகாலம் எத்தினி மணிக்கு?"

"ஒம்பதுல இருந்து பத்தரை வரைக்கும், அக்கா!"

அவள் வீட்டுக் கடிகாரத்தில் மணி ஒன்பதேகால். தெருமுனையில் ஹாரன் அடித்தது. மூச்சிரைக்கப் போய் லாரிக் கதவைப் பிடித்தேன்.

"ஏங்க, இப்ப ராகு..."

"தெரியும்," என்று கையை நீட்டினார். "ஏறு."