கல்லறைக்குப் போன பூவாளி

படாரென்று விழுந்த இடியில் ஜோஸ்லினின் கையிலிருந்த தட்டு நழுவிச் சமையலறைத் தரையில் சுக்குநூறானது. விளக்குகள் ஒரு தடவை கண்சிமிட்டிவிட்டு அணைந்தன. முற்றத்துக்கு அந்தப் பக்கம், வாடகைக்கு விட்டிருந்த கொட்டகை வீட்டிலிருந்து பெல்ஜியக்காரரின் மனைவி அலறிய அலறல் மழைச் சத்தத்தையும் தாண்டி வந்தது.

"தொலைஞ்சாங்க!" என்றார் மர்சியால், சன்னலோர நாற்காலியிலிருந்து. எண்பதைத் தாண்டிய கிழவரின் குரலில் அப்படியொரு குஷி.

"யாருப்பா?"

"உன் விருந்தாளிங்கதான். நாளைக்கு ஆத்துல படகு விட முடியாதே! பாவம், என்ன பண்ணுவாங்க?"

அவர் சொல்லி முடிக்கவில்லை, தலைக்கு மேல் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு பெல்ஜியக்காரர் ஜோரிஸ் வாசலில் வந்து நின்றார். மனிதர் தொப்பலாக நனைந்திருந்தார். கரண்ட் போனதைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள் ஜோஸ்லின். அவர் கேட்டது வேறு.

"மேடம், மழை பெஞ்சா இங்க என்ன பண்றது? பசங்க இப்பவே மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்காங்க."

கோடையில் யார் வந்து தங்கினாலும் இதையே கேட்பார்கள். ஜோஸ்லினுக்குப் பதில் மனப்பாடம். வியாழக்கிழமை சந்தை, ஆற்றில் துடுப்புப் படகு, ஏரிக் குளியல், பழைய கோட்டை, தேவாலயத்துக்கு எதிரே ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் விற்பனை, சாயந்தரம் பிளேன் மரத்தடியில் இரும்புக் குண்டு எறிகிற ஆட்டம். எல்லாம் சொன்னாள். எல்லாவற்றையும் போன வாரமே முடித்துவிட்டதாக ஜோரிஸ் சொன்னார்.

"அப்போ மழையைப் பாருங்க. அதுக்கு டிக்கெட் கிடையாது" என்றார் மர்சியால்.

ஜோரிஸ் போன பிறகு கிழவர் சன்னலைத் திறக்கச் சொன்னார். மூக்கை வெளியே நீட்டி ஈர மண் வாசனையை இழுத்தார். "சூடான மண்ணு மேல நல்ல மழை. ஒரு வாரம். அப்புறம் காளான் கிளம்பிடும், பாரு."

ஜோஸ்லின் உடைந்த தட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. காது மட்டும் அவர் பக்கமே இருந்தது.

பிரான்சில் இந்தக் கொரேஸ் பக்கத்தில் ஒருவன் தன் வியாதியைச் சொல்வான், பெண்டாட்டியோடு போட்ட சண்டையைச் சொல்வான், காளான் பறிக்கும் இடத்தை மட்டும் சொல்ல மாட்டான். பாவமன்னிப்புக் கேட்கும்போது பாதிரியாரிடம்கூட அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வான். கால் ஓய்ந்த பிறகு ஒரே ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுப் போவான். வீடும் நிலமும் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிந்துவிடும், அதில் தகப்பனுக்குப் பெரிய பேச்சு இல்லை. காளான் இடம் ஒன்றுதான் அவன் தன் இஷ்டத்துக்குக் கொடுப்பது. எனக்குப் பிறகு நீதான் என்று சொல்ல இந்த ஊர் ஆட்களுக்கு வேறு வழியும் தெரியாது.

மர்சியாலுக்கு இந்த வசந்தத்தில் இடுப்பெலும்பு முறிந்தது. ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரை போவார். அவ்வளவுதான். இந்த வருடம் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்மா இறந்ததிலிருந்து அவரோடு இருப்பவள் ஜோஸ்லின். நகரத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். காலையில் அவருக்குக் காலுறை மாட்டிவிடுவது முதல் ராத்திரி பல்செட்டைக் கழுவி வைப்பது வரை அவள்தான். இந்தக் கோழிகளும் இந்த விருந்தாளிகளும் இந்தக் கிழவரும் போக அவளுக்கென்று எதுவும் மிச்சமில்லை. ஒரு வார்த்தை நன்றி அவர் சொன்னதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அந்த இடத்தை மட்டும் எதிர்பார்த்தாள்.

அது எந்தத் திசை என்று அவளுக்கு ஓரளவு தெரியும். கிழவர் பெரிய கள்ளன். காட்டோரம் ஒரு கார் நின்றால் அது ஊருக்கே அடித்த தண்டோரா. ஆகவே அவர் காரைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்துவார். கையில் அகன்ற வாய்த் தகரப் பூவாளி. அம்மாவின் கல்லறைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பின்பக்கத்துச் சின்னக் கதவு வழியாக நழுவிக் காட்டுக்குள் போய்விடுவார். திரும்பும்போது பூவாளிக்குள் காளான், அதற்கு மேல் பாசி. "செத்த பெண்டாட்டி மேல என்ன பாசம்!" என்று ஊர்ப் பெண்கள் உருகினார்கள். அந்தப் பாசம் மழைக்குப் பிறகுதான் பொங்குகிறது என்பதை ஒருத்தியும் கவனிக்கவில்லை.

ஜோஸ்லின் ஒரு நாளும் பின்னால் போய்ப் பார்த்ததில்லை. பின்னால் போவது திருட்டு. சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் தம்பி பத்ரீஸ் லியோன் நகரத்திலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டும் வருவான், இந்த வருடமும் வந்தான். மனைவி செவ்ரீன் முற்றத்துச் சாய்வு நாற்காலியில் படுத்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். பத்ரீஸ் நல்லவன்தான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். விருந்தாளிகளுக்கெல்லாம் அவனைத்தான் பிடிக்கும். மழை விட்டதும் ஜோரிஸையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு குண்டு எறிந்தான், ஏரிக்குக் கூட்டிப் போனான், வந்து பசிக்கிறது என்றான். ஜோஸ்லின் சமைத்தாள்.

வாரம் கழிந்தது. ஒரு பிற்பகல் அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மர்சியால் கூப்பிட்டார்.

"ஜோஸ்."

அவள் ஈரத்துணியைக் கீழே வைத்தாள். கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்தாள். "சொல்லுங்கப்பா."

"பத்ரீஸை வரச் சொல்லு."

அவன் கையில் இரும்புக் குண்டோடு உள்ளே வந்தான்.

"நீ கோழியை அடைச்சிட்டியா?" என்றார் கிழவர் அவளிடம்.

"பட்டப்பகல்ல எதுக்குப்பா அடைக்கணும்?"

"போய்ப் பாரேன். கதவைச் சாத்திட்டுப் போ."

அவள் போனாள். கதவைச் சாத்தினாள். கோழிகள் தீனி என்று நினைத்து ஓடி வந்து, வெறுங்கையைப் பார்த்துவிட்டுக் கலைந்தன. சன்னல் வழியாகக் கிழவரின் முணுமுணுப்பு கேட்டது. வார்த்தை புரியவில்லை. புரிந்துவிடுமோ என்று பயந்து அவளே வேலியின் கடைசிக்கு நகர்ந்து நின்றாள்.

பத்ரீஸ் சீட்டி அடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"என்ன சொன்னார்?"

"அக்கா, அதெல்லாம் பெரிய ரகசியம்! நெஞ்சுல கை வெச்சு சத்தியம் வாங்கிட்டார், தெரியுமா? எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை." குண்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். "காளானுக்குப் போய் இவ்வளவு நாடகமா!"

மறுநாள் காலை ஜோஸ்லின் ரொட்டி வாங்கக் காரில் போனாள். கல்லறைத் தோட்டத்து வாசல் காலியாக இருந்தது. அதைத் தாண்டி, காட்டுத் தடம் பிரிகிற இடத்தில், சாலையை ஒட்டி இரண்டு கார்கள். ஒன்று பத்ரீஸின் வெள்ளைக் கார். இன்னொன்று பின்னால் சைக்கிள்கள் மாட்டிய பெல்ஜியக் கார். மரங்களுக்குள்ளிருந்து பிள்ளைகளின் கூச்சல்: "இங்க ஒண்ணு! இங்க இன்னொண்ணு! அம்மா, இது என் தலை அளவுக்கு இருக்கு!"

எதிரே தபால்காரியின் மஞ்சள் வண்டி வந்தது. இரண்டு கார்களையும் பார்த்து வேகத்தைக் குறைத்தது. தபால்காரி காட்டைப் பார்த்தாள், ஜோஸ்லினைப் பார்த்தாள், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை ஆட்டிவிட்டுப் போனாள். மதியத்துக்குள் எல்லா வீட்டுக்கும் கடிதத்தோடு சேர்த்து இதுவும் போய்விடும்.

அவர்கள் பிளாஸ்டிக் பைகளில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். கொட்டகை முன்னால் மேசைமேல் கொட்டிப் போட்டோ எடுத்தார்கள். பழுப்புத் தொப்பியும் தடித்த காலுமாக அருமையான செப் காளான்கள். கட்டைவிரல் அளவுக் குஞ்சுகளும் கிடந்தன. கத்தியால் அறுக்காமல் மண்ணோடு பிடுங்கியிருந்தார்கள். "இதுதான் மேடம் இந்த விடுமுறையிலேயே சூப்பர்!" என்றார் ஜோரிஸ். "இதை முதல் நாளே நீங்க சொல்லியிருக்கலாமே?"

"எனக்குத் தெரியாது" என்றாள் ஜோஸ்லின்.

தம்பியைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "காரை எங்கடா நிறுத்தின?"

"தடத்துலதான். எதுக்கு அவ்வளவு தூரம் நடக்கணும்?"

"அவங்களை எதுக்குக் கூட்டிட்டுப் போன?"

"பசங்களுக்குப் போரடிச்சுது அக்கா. காளான்தானே, மறுபடி முளைக்காதா? உன் முகத்தைப் பார்த்தா யாரோ செத்த மாதிரி இருக்கு."

மதியம் ஆம்லெட் போட்டாள். வெண்ணெயில் பூண்டும் காளானும் வதங்கிய வாசனையில் கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றார். பிறகு மகனைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "கார்?" என்றார்.

"கல்லறை வாசல்லப்பா! நீங்க சொன்ன மாதிரியே."

"பூவாளி?"

"கையிலேயே இருந்துது. அம்மாவுக்குத் தண்ணியும் ஊத்தினேன்." பத்ரீஸ் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பூவாளி கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. ஜோஸ்லின் எழுந்து போய்ப் பாலாடைக்கட்டியை எடுத்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்ரீஸ் கிளம்பினான். செவ்ரீன் ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டும் போட்டுவிட்டாள். அவன் அக்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். விட்டுவிட்டு, தோளிலிருந்து கையை எடுக்காமல் நின்றான்.

"அக்கா, ஒரு விஷயம். அடுத்த வருஷம் நாங்க வரலை. செவ்ரீனுக்குக் கடல் வேணுமாம். போர்ச்சுகல்ல வீடு பார்த்தாச்சு. அதுக்கடுத்த வருஷமும் அங்கதான்னு வெச்சுக்கோயேன்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"நீ சொல்லு. மெதுவா, நல்ல நேரம் பார்த்து. நீ சொன்னா அவர் தாங்கிப்பார்."

கார் போனது. சன்னலிலிருந்து கிழவரின் கை வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ரொட்டிக் கடையில் வரிசை. அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது, யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கடைக்காரி ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே, "உங்கப்பாவுக்கு நாங்க எல்லாரும் ரொம்ப நன்றி சொன்னோம்னு சொல்லு ஜோஸ்லின்" என்றாள். "நேத்து அந்தத் தடத்துல கார் நிறுத்த இடமில்லையாம். என் மச்சான் ரெண்டு கூடை கொண்டு வந்தான். இத்தனை வருஷமா என்ன நடிப்பு அந்தக் கிழவன்! பெண்டாட்டிக்குத் தண்ணி ஊத்தறாராம், தண்ணி!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஜோஸ்லினும் சிரித்தாள். வேறென்ன செய்வது?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். மெதுவாக அல்ல, நல்ல நேரம் பார்த்து அல்ல. உங்க மகன் காரைத் தடத்திலே நிறுத்தினான், ஊரே வந்து வாரிக்கொண்டு போய்விட்டது, அவன் இனிமேல் வரவும் போவதில்லை. மூன்றையும் ஒரே மூச்சில் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட வேண்டும். பதினைந்து நாள் வந்து போகிற பிள்ளைக்குக் காளான் இடம், வருஷம் முழுக்க இருப்பவளுக்குக் கோழிக்கூண்டா?

ரொட்டியை மேசைமேல் எறிந்தாள். கிழவர் சன்னலோரத்தில் உட்கார்ந்து மேற்கே மேகம் திரள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"ஜோஸ், அந்தப் பூவாளியைக் கழுவி உள்ள எடுத்து வை. துருப்பிடிச்சிரும். அவனுக்கு வேணும்."

"யாருக்கு?"

"பத்ரீஸுக்குத்தான். வேற யாருக்கு?"

அவள் வெளியே போய்ப் பூவாளியை எடுத்தாள். உள்ளே காய்ந்த பாசி ஒட்டியிருந்தது. அதைக் கையில் பிடித்தபடியே வந்து அவர் முன்னால் நின்றாள். ஒரே மூச்சில் சொல்ல வைத்திருந்த மூன்றுக்கும் முன்னால் வெளியே வந்தது வேறொன்று.

"ஏம்ப்பா அவன்கிட்ட சொன்னீங்க? நான் இங்கயே இருக்கேன். என்கிட்ட ஏன் சொல்லலை?"

மர்சியால் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. இதுகூடவா புரியவில்லை என்கிற ஆச்சரியம்தான்.

"உன்கிட்ட எதுக்கும்மா? சொல்லலைன்னாலும் நீ இங்கதான் இருப்பே. அவன்கிட்ட சொன்னாத்தானே அவன் அடுத்த வருஷமும் வருவான்?"