மூன்று மாதம் யாரிடமும் சொல்லக் கூடாது

என் மனைவி தர்ஷினி கர்ப்பமாக இல்லை. இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் என் அம்மாவிடம் இதைச் சொல்லாமல் நான் மூன்று மாதம் ஓட்டினேன். அந்த மூன்று மாதத்தில் தர்ஷினி எதை இழந்தாள் என்று நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நாங்கள் பெங்களூரில், அல்சூரில் குடியிருக்கிறோம். அவளுக்குத் தொம்மலூரில் வேலை, மென்பொருள் சோதிக்கும் குழுவில். கெட்டிக்காரி. ஆனால் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். முப்பத்திரண்டு வயதில்தான் டாக்டர் ஆஞ்சலா அதற்கு ஒரு பெயர் சொன்னார்: ஏ.டி.எச்.டி. கவனம் ஓரிடத்தில் நிற்காத குறை. தினமும் காலையில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

“கண்ணாடி போட்ட மாதிரி இருக்கு ஹரி. இத்தனை நாள் எல்லாரும் இப்படித்தான் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?” என்று கேட்டாள்.

மாத்திரை தொடங்கிய எட்டாவது மாதம், மேனேஜர் பாலசுப்ரமணியன் அவளைக் கூப்பிட்டு, ஜனவரியிலிருந்து பன்னிரண்டு பேர் குழுவுக்கு நீதான் லீட் என்றார். பத்து வருடமாக அவள் எதிர்பார்த்துக் கிடந்த வார்த்தை. அன்று வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. மத்தியானம் பசியே எடுக்காது. கட்டிக்கொண்டு போன டிபன் பாக்ஸ் மூடி திறக்காமல் திரும்பி வரும். மாலை ஆறு மணிக்கு மாத்திரையின் வேகம் இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுவாள். அரை மணி நேரம் கழித்து எழுந்து, பிரிட்ஜ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன மத்தியானச் சாப்பாடு, பிரெட், முறுக்கு, மறுபடி பிரெட் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சாப்பிடுவாள். எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ. சிவாஜிநகரில் போய் இரண்டு சைஸ் பெரிய சுடிதார் வாங்கி வந்தாள்.

எனக்கு நாக்கில் சனி. “இந்த மாத்திரை போட்டா எல்லாரும் இளைச்சுப் போறாங்கன்னு நெட்ல போட்டிருக்கான். நீ மட்டும் எப்படி? சோபாவை விட்டு எழுந்தா தானே!” என்பேன். கிண்டல் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

“டாக்டர்கிட்ட இத சொல்லணும். அங்க போய் உக்காந்தா எனக்குப் பாதி மறந்துடுது. நீயும் கூட வாயேன்,” என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் எனக்கு மீட்டிங் இருந்தது. உண்மையில், மனநல டாக்டரின் வாசலில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம்.

இந்தச் சமயத்தில்தான் குடியாத்தத்திலிருந்து அம்மா வந்தாள். அம்மாவின் பெயர் வேதநாயகி. வந்த இரண்டாம் நாள் சாயங்காலம், அசந்து தூங்கும் மருமகளையும் அவள் உடம்பையும் பார்த்துவிட்டு, என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“ஏன்டா, முழுகாம இருக்காளா?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அப்புறம் ஏன் இந்த அசதி, ஏன் இப்படிப் பூசின உடம்பு என்று அடுத்த கேள்வி வரும். மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘மூளைக்கு மாத்திரை சாப்பிடுறவளையா கட்டி வெச்சோம்?’ என்று அம்மா கேட்டுவிட்டால்? அம்மா அப்படிக் கேட்பவளா இல்லையா என்று யோசிக்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து வைத்தேன்.

“நாள் தள்ளி எத்தனை நாளாச்சு?”

“இப்பத்தாம்மா.”

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. “மூணு மாசம் முடியிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே. நான் கேட்டேன்னு அவகிட்டகூட சொல்லாதே. கண்ணு பட்டுடும்.”

மூன்று மாதம் சொல்லக் கூடாது என்ற வழக்கம் எனக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று! அதற்குள் ஒருநாள் ‘தங்கலம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கதை முடிந்தது என்று கணக்குப் போட்டேன். இல்லாத குழந்தையை இல்லாமல் ஆக்குவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் கெட்டவன்.

நாலு நாள் கழித்து ஒரு காலை, படுக்கையறையில் அலமாரி தடதடவென்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. மாத்திரை அட்டைகளைக் காணோம். முந்தின நாள் வாங்கி வந்த ஒரு மாத மாத்திரை. தர்ஷினி மெத்தையைப் புரட்டினாள், கைப்பையைத் தரையில் கொட்டினாள், அரிசி டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தாள்.

நான் காபிக்காகச் சமையலறைக்குப் போனேன். அம்மா பெருமையாக என் காதருகே வந்தாள்.

“வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு மாத்திரையா போடுவாங்க? தலைவலி மாத்திரை, அந்த மாத்திரைன்னு கண்டதையும் முழுங்குது அந்தப் பொண்ணு. நான்தான் எடுத்துக் குப்பைல போட்டேன். குப்பை ஆட்டோக்காரன் வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டான். மூணு மாசம் முடியட்டும், அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

உள்ளே தர்ஷினி அழ ஆரம்பித்திருந்தாள். நான் அவளிடம் போனேன். சொல்லத்தான் போனேன் என்று இப்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அங்கே போய் நான் சொன்னது இது:

“நல்லா யோசிச்சுப் பாரு தர்ஷி. எங்க வெச்சே?”

அவள் நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? இருபது வருடமாகக் குடை, பர்ஸ், செல்போன் என்று தொலைத்துக்கொண்டே வந்தவள். மருந்துக்கடை முனிகிருஷ்ணனிடம் ஓடினாள். அவர் கையை விரித்தார். “ஹொஸ சீட்டி பேக்கு மேடம்,” என்று கன்னடத்தில் சொன்னார். இந்த மாத்திரையைப் புதுச் சீட்டு இல்லாமல் கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. டாக்டர் ஆஞ்சலா ஊரில் இல்லை. வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். வேறு டாக்டரிடம் போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல அவளுக்கு வாயே வரவில்லை. கூடப் போக வேண்டியவன் நான். நான் போகவில்லை.

பத்தாவது நாள் அவள் ஒரு கிளையன்ட் மீட்டிங்கையே மறந்துவிட்டாள். யாரும் திட்டவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் லேப்டாப்பை என் முன்னால் திருப்பி வைத்தாள். பாலசுப்ரமணியனுக்கு ஒரு மெயில். லீட் பொறுப்பு தனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தாள்.

“ஏன் தர்ஷி?”

“ஒரு மாத்திரைய பத்திரமா வெச்சிக்கத் தெரியல. மாத்திரை இருந்தா அசதி, இல்லன்னா மறதி. பன்னெண்டு பேர எப்படிப் பார்த்துக்குவேன்? இங்கிலீஷ் சரியா இருக்கான்னு மட்டும் பாரு.”

பார்த்தேன். இரண்டு இடத்தில் திருத்திக்கூடக் கொடுத்தேன். அவள் அனுப்பினாள். லீட் பொறுப்பு அவளோடு வேலை பார்க்கும் சந்தானத்துக்குப் போயிற்று.

டாக்டர் வந்ததும் தனியாகத்தான் போய் வந்தாள். இந்த முறை எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். பசிக்காவிட்டாலும் மணி பார்த்து மத்தியானம் சாப்பிடச் சொன்னாராம். மாத்திரையின் அளவை மாற்றினாராம். அசதிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாராம். “இதை ஏம்மா இத்தனை மாசம் சொல்லல?” என்று கேட்டாராம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாயங்காலங்கள் தேறின. அவள்தான் தேறவில்லை. மாத்திரை அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அது இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு நாலு முறை அலமாரியைத் திறந்து பார்த்தாள். அந்த நாலு முறையும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவிடம் ‘தங்கல’ என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்பிப் போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், “நல்லா இருக்காளா?” என்பாள். “இருக்காம்மா,” என்பேன்.

அம்மா நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். கையில் இரண்டு முழம் மல்லிகை, மாதுளை, குங்குமப்பூ டப்பி. தர்ஷினியின் தலையில் பூவை வைத்துவிட்டு, “மூணு மாசம் முடிஞ்சிடுச்சு. இனிமே வாய் விட்டுப் பேசலாம் கண்ணு,” என்றாள்.

“எது அத்தை?”

“ஒளிக்காதேடி. அன்னைக்கே ஹரி சொல்லிட்டான். அதனாலதானே உன் மாத்திரைய எல்லாம் எடுத்துக் குப்பைல போட்டேன், புள்ளைக்கு ஆகாதுன்னு. அதையும் அவன்கிட்ட சொன்னேனே.”

தர்ஷினி அசையாமல் நின்றாள். “அத்தை, நீங்களா போட்டீங்க? அந்த அட்டைய?”

“ஆமாம்மா.”

“அப்ப நான் தொலைக்கலியா?”

அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் வந்தது சந்தோஷம். “நான் தொலைக்கல,” என்று தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

“உனக்குத் தெரியும்,” என்றாள்.

தலையாட்டினேன். அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வயிற்றில் குழந்தை இல்லை என்பதிலிருந்து தொடங்கி, மறதி, மாத்திரை, ஒன்பது கிலோ, சாயங்காலம் சோபாவில் விழுவது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் சொல்லியிருக்க வேண்டியதை, நான் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போது, அவள் சொன்னாள்.

அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தர்ஷினியின் முழங்காலில் கை வைத்தாள்.

“சாயங்காலம் ஆனா ரொம்ப கஷ்டமா இருக்குமா கண்ணு?”

கூடவே இருந்த நான், இத்தனை மாதத்தில், அதை ஒருமுறைகூட அவளிடம் கேட்டதில்லை.